மூன்றென்றால் ஆட்டிறைச்சி

நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து ஓய்வுபெற்ற ஸ்ரீஸ்கந்தராசா தன்னுடைய மணிவிழாவுக்குப் பட்டுவேட்டியும் சால்வையும் சந்தனப்பொட்டுமாக வெள்ளவத்தைக் கலியாண மண்டபத்தின் வாசலில் வந்து இறங்கியபோது, அங்கே நிறுத்தியிருந்த வரவேற்புப் பலகையில் இப்படி ஒட்டியிருந்தது:

"திரு. ஸ்ரீஸ்கந்தராசா அவர்களின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் அன்புடன் வரவேற்கின்றோம்."

அவர் அதை ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். பக்கத்தில் நின்ற மனைவி சரோஜினிதேவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பலகையைக் கண்டு வந்த கோபத்தைவிட மனைவி சிரித்ததைக் கண்டு வந்த கோபந்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து, அவரோடு ஒன்றாக வேலை பார்த்த ஒருவர் காரிலிருந்து இறங்கி வந்து கையைக் குலுக்கினார்.

"மச்சான், கொஞ்சம் பிந்தித்தான் போச்சு. பரவாயில்லை, நல்லா இரு."

அதற்குப் பிறகு நடந்த சத்தம் காலி வீதியைத் தாண்டிக் கடற்கரைத் தண்டவாளம் வரைக்கும் கேட்டிருக்கும்.

சத்தம் வந்து முடிந்த இடம் நேசமலரின் தலை. மண்டபத்தின் கணினி நிரலை எழுதியவள் அவள். கிருலப்பனையில் தாயோடு இருந்தாள். பகலில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனியில் நிரல் எழுதும் வேலை. செவ்வாய், வியாழன் பின்னேரங்களிலும் சனிக்கிழமை முழுக்கவும் மண்டபத்தின் மாடி அலுவலகத்தில் இருப்பாள். மண்டப முதலாளி சிவபாதசுந்தரம் அவளை "பிள்ளை" என்பார். அவள் அவரை "அங்கிள்" என்பாள். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் வெள்ளவத்தையில் கணினி வைத்திருந்த கலியாண மண்டபம் தன்னுடையது ஒன்றுதான் என்று அவர் கண்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உண்மையோ தெரியாது, சொல்லிக்கொண்டு திரிந்தது உண்மை.

அவளுடைய நிரல் சிக்கலானது அல்ல. யார், எந்த நாள், என்ன விழா என்று தட்டினால் எல்லாம் தரவுத்தளத்தில் போய் உட்காரும். விழாவின் பெயரை ஒவ்வொரு முறையும் முழுக்க எழுதத் தேவையில்லை. 'வகை' என்ற கட்டத்தில் ஒரு இலக்கத்தைப் போட்டால் போதும். ஒன்று திருமணம், இரண்டு வரவேற்பு, மூன்று பூப்புனித நீராட்டு விழா, நான்கு பிறந்தநாள், ஐந்து மணிவிழா. அந்த இலக்கத்தைப் பார்த்துத்தான் நிரல் நீளக் கடதாசியில் பெரிய எழுத்தில் வாசகத்தை அச்சிடும். அலுவலகத்தில் இருந்த யோசெப்பின் அதைக் கிழித்துக்கொண்டு போய்ப் பலகையில் ஒட்டுவாள். யோசெப்பின் நீர்கொழும்பில் சிங்களத்தில் படித்தவள். தமிழ் நன்றாகக் கதைப்பாள், வாசிக்க மாட்டாள். அதனால் அவள் எதை ஒட்டினாலும் மனச்சாட்சி சுத்தமாகவே ஒட்டினாள்.

"அங்கிள், நான் அஞ்செண்டுதான் போட்டனான்," என்றாள் நேசமலர்.

"இப்ப மூண்டெண்டு நிக்குதே."

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

"பிள்ளை, இலக்கத்துக்குக் கால் முளைச்சு அஞ்சிலயிருந்து மூண்டுக்கு நடந்து போகுமோ?"

அவள் மூன்றை அழித்து ஐந்தைப் போட்டாள். புதுக் கடதாசி வந்தது. யோசெப்பின் கொண்டுபோய் ஒட்டினாள். ஸ்ரீஸ்கந்தராசா ஒருமாதிரி ஆறி உள்ளே போனார். அன்றிரவு விருந்தில் அவர் சொல்லி வைத்திருந்த ஆட்டிறைச்சிப் புரியாணிக்குப் பதிலாக இறால் புரியாணி வந்ததையும், அதற்கும் அவர் கத்தியதையும் நேசமலருக்கு யாரும் சொல்லவில்லை. அது சமையலறைச் சங்கதி.

அடுத்த கிழமை ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாள். பலகையில் 'திருமண விழா' என்று வந்தது. மாப்பிள்ளை தொட்டிலில் விரல் சூப்பிக்கொண்டு கிடந்தார். குழந்தையின் பேரனார் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, "பெம்பிளை ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ," என்று கேட்டார். சிவபாதசுந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் சந்தேகம் யோசெப்பின் மேல் போனது. "கொச்சிக்கடை அந்தோனியார்மேல ஆணை, நான் தொடேல்லை மிஸ்," என்று அவள் கண் கலங்கினாள். அவளைத் தேற்றுவதற்கு ஒரு பின்னேரம் போனது. பிறகு சிவபாதசுந்தரம் தன் பங்குக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்: கண்ணூறு. பம்பலப்பிட்டியில் இருக்கிற வேறொரு மண்டபக்காரர் போன மாதம் வந்து கணினியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கணினிக்கு விபூதி பூசினார்கள். ஒரு தேசிக்காயை வெட்டிக் குங்குமம் தடவி மேலே வைத்தார்கள். அது வழிந்து விசைப்பலகைக்குள் இறங்கி, அன்று முழுக்க 'க' எழுத்து வேலை செய்யவில்லை. அன்று தட்டிய கடிதங்களில் கலியாணம் எல்லாம் 'லியாணம்'.

நேசமலர் வேறுமாதிரி யோசித்தாள். அவளுடைய நிரல் வழியாக யார் எதை மாற்றினாலும், மாற்றியவர் பெயரும் நேரமும் ஓரத்தில் பதிவாகும். மாறிப்போன இடங்களில் அந்தப் பதிவு எதுவும் புதிதாக இல்லை. கள்ளன் புகுந்த வீடு மாதிரித்தான்: வாசலில் செருப்பு ஒன்றையும் காணவில்லை. உள்ளே மட்டும் யாரோ இருமுகிறார்கள். அப்படியென்றால் வந்தவர் முன்வாசலால் வரவில்லை. அவளுடைய நிரலைத் தொடாமல், தரவுத்தளத்துக்குள் நேரே கைவிட்டு இலக்கத்தை மாற்றுகிற வேறொன்று எங்கேயோ இருக்கிறது.

இதைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குப் பயத்தைவிட ரோசந்தான் வந்தது. என்னுடைய கட்டத்துக்குள் யாரடா?

ஆளைப் பிடிக்க ஒரு காவல் நிரல் எழுதினாள். அது தரவுத்தளத்தைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒருமுறை பிரதியையும் அசலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். தன் நிரல் செய்யாத மாற்றம் எதையாவது கண்டால் மூன்று காரியம் செய்யும்: சத்தம் போடும், மாறியதைப் பழையபடி மாற்றும், சரியான வாசகத்தைப் புதிதாக அச்சிடும். கடைசி இரண்டும் முதலாளியின் வற்புறுத்தல். "எப்பவும் சரியான போர்ட் கையில இருக்கவேணும் பிள்ளை, இன்னொரு ஸ்ரீஸ்கந்தராசாவை என்னாலை தாங்க ஏலாது."

எந்தச் சத்தம் போடுவது என்பதிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கம்பனியில் சத்தங்கள் நிரம்பிய ஒரு சீடி கிடந்தது. துவக்குச் சூடு, அபாயச் சங்கு, கண்ணாடி உடைதல், நாய், சேவல். முதல் மூன்றையும் அந்தக் காலத்துக் கொழும்பில் ஆள்கூடுகிற இடத்தில் போட்டால், வாசல் நெரிசலில் பத்துப் பேருக்குக் கால் முறியும், மிச்சப் பேரைப் பொலிஸ் கொண்டுபோகும். நாயை அவளுக்குப் பிடிக்காது. சேவலை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை நவரத்தினம் என்பவரின் மகள் கௌரிக்குக் கலியாணம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து சொற்ப லீவில் வந்திருந்தார். பின்னேரம் அதே மண்டபத்தில் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பிள்ளை கொன்ஸ்ரன்ஸின் திருமண வரவேற்பு. நேசமலர் மாடியில் காவல் நிரலை ஓடவிட்டாள். ஒரு நிமிடம் காத்திருப்பது கள்ளனைப் பிடிக்கப் போதாது என்று பட்டதால், நிமிடம் என்று இருந்த இடத்தில் சில விநாடி என்று மாற்றினாள். அந்தக் கணினியிலிருந்துதான் இடைவேளைகளில் மண்டபத்துக்கு நாதஸ்வர இசைத்தட்டுப் போடுவார்கள் என்பதும், யோசெப்பின் அன்று காலை அதன் வயரை மண்டபத்து ஒலிபெருக்கியில் கொழுவிச் சத்தத்தையும் கூட்டி வைத்திருந்தாள் என்பதும் அவளுக்குத் தெரியாது.

ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை எழும்பி நின்றார். எல்லாரும் அட்சதையை இறுகப் பிடித்தார்கள்.

"கொக்கரக்கோ!"

மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் சேவல் கூவியது. சாதாரணச் சேவல் அல்ல. ஒலிபெருக்கியின் வல்லமையோடு, ஒரு மாடுப் பருமன் சேவல். மாப்பிள்ளையின் கை நின்றது. ஐயரின் மந்திரம் நின்றது. தவில்காரர் மேடைக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"கொக்கரக்கோ!"

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா! கொடியோடை வந்திட்டாய்." அவருக்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா அப்படி நினைக்கவில்லை. அவர் மாமிச வாசனையே ஆகாதவர். "சைவக் கலியாணத்திலை உயிர்க்கோழியோ? குசினியிலை என்ன நடக்குது?" என்று சால்வையை உதறிக்கொண்டு எழும்பினார்.

மாடியில் நேசமலர் கையைத் தட்டாத குறை. பிடிபட்டான்! திரையைப் பார்த்தாள். பின்னேர வரவேற்பின் 'வகை' இரண்டாக இருந்தது ஐந்தாகியிருந்தது. வரவேற்பு மணிவிழாவாகிவிட்டது. காவல் நிரல் உடனே அதை இரண்டாக்கியது. அச்சுப்பொறி கிர்ர்ரென்று 'கொன்ஸ்ரன்ஸ் திருமண வரவேற்பு' என்று தள்ளியது. அவள் மூச்சு விடுவதற்குள் இரண்டு மறுபடி ஐந்தானது. "கொக்கரக்கோ!" ஐந்து இரண்டானது. இரண்டு ஐந்தானது. "கொக்கரக்கோ!"

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. கள்ளன் வருவான், எடுப்பான், ஓடுவான் என்றுதான் நினைத்திருந்தாள். இவன் நின்று மல்லுக்கட்டுகிறான். அவள் மாற்ற மாற்ற அவனும் மாற்றுகிறான். போதாக்குறைக்கு, அச்சிடுகிற கணத்தில் எந்த இலக்கம் நின்றதோ அதைப் பார்த்து அவளுடைய அச்சுப்பொறியும் குழம்பிப்போய், ஒருமுறை வரவேற்பு, ஒருமுறை மணிவிழா என்று மாறி மாறி அச்சிட்டுக்கொண்டிருந்தது. தொடர்கடதாசி மேசையிலிருந்து இறங்கி, கதவைத் தாண்டி, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மண்டபத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. யோசெப்பின் அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், எதை ஒட்டுறது? மிஸ், எதை ஒட்டுறது?" என்று கேட்டபடி கூடவே இறங்கினாள்.

கீழே நாதஸ்வரக்காரர் சேவலை அமுக்கப் பார்த்தார். அவர் மூச்சை இழுத்து ஊதுவார்; மூச்சு வாங்குகிற இடைவெளியில் சேவல் வரும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் பேசிவைத்து வாசிப்பதுபோல் ஆகிவிட்டது.

நேசமலர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். கணினியின் பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிற வயர் சுவர் ஓட்டைக்குள் போனது. "அது டெலிபோன் வயர் பிள்ளை," என்று முதலாளி முன்பு சொல்லியிருக்கிறார். அவளும் நம்பியிருந்தாள். இப்போது பார்த்தால் தொலைபேசி மறுசுவரில் தன் சொந்த வயரோடு இருக்கிறது.

அவள் வயரைப் பின்தொடர்ந்தாள். அது ஓடைபோல் சுவரோரமாகப் போய், பின்படியால் இறங்கி, தண்ணீர்க் குழாயைச் சுற்றி, செவ்வரத்தைச் செடிக்குள் நுழைந்து வெளிவந்து, முடிவில் சமையலறை யன்னலால் உள்ளே போனது. மாப்பிள்ளையின் பெரியப்பாவும் மறுபக்கத்தால் அந்தச் சமையலறைக் கதவுக்கு வந்து சேர்ந்தார். "பிள்ளை, நீயும் கோழியைத்தான் தேடுறியோ?" என்று கேட்டார். "ஓம்," என்றாள் நேசமலர். அது பொய்யும் இல்லை.

இந்தச் சமையலறை சைவச் சாப்பாட்டுக்கானது அல்ல. சைவச் சமையலறை முன்பக்கம் வேறாக இருந்தது. இங்கே புரியாணிக்குப் பொறுப்பான மர்ஸூக் ஒரு கையில் அகப்பையும் மறு கையில் இறால் சட்டியுமாக நின்றார். நல்ல உடம்பு, வெள்ளைத் தொப்பி, முகமெல்லாம் வியர்வை. அவருக்குப் பின்னால், வெங்காய மூட்டைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், பொலித்தீன் உறை போர்த்திய ஒரு கணினி. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அச்சுப்பொறி துண்டு துண்டாகத் துப்பிக்கொண்டிருந்தது: இறால். கோழி. இறால். கோழி.

"புள்ள, இது என்னா வேல?" என்றார் மர்ஸூக். "றால்னு சொன்னாங்க, றாலப் போட்டன். கோழின்னு வந்திச்சு, கோழியப் போட்டன். இப்ப திரும்பயும் றாலாம். சட்டி ஒண்டுதான் ஈக்கிது."

"உயிர்க்கோழி எங்கை?" என்று பெரியப்பா அதட்டினார்.

"உயிரோட இங்க ஒண்டும் இல்ல ஐயா. நான் மட்டுந்தான்."

அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து ஒருவன் விசைகளைப் படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் இரண்டு பேனை. நிமிர்ந்து பார்க்காமலே மர்ஸூக்கிடம், அண்ணன் முறை வைத்து, சொன்னான்:

"மேலை ஒரு விசர் புரோகிராம் இருக்கு நானா. நான் போடப் போட அழிக்குது."

நேசமலருக்குக் காது சிவந்தது. "அது விசர் புரோகிராம் இல்லை. அது என்ரை."

அவன் நிமிர்ந்தான். "நீங்கள் ஆர்?"

"நீங்கள் ஆர்?"

"நான் ஸ்ரனிஸ்லாஸ். கொட்டாஞ்சேனை. குசினிப் புரோகிராம் எழுதினது நான்."

"குசினிக்குப் புரோகிராமோ? ஆர் கேட்டது?"

"சிவபாதசுந்தரம் அங்கிள். எல்லாம் நீங்கள்தான் தம்பி, வேறை ஒருத்தரையும் நம்பேல்லை எண்டவர்."

அதே வசனத்தை, 'தம்பி' இருந்த இடத்தில் 'பிள்ளை'யைப் போட்டு, நேசமலரும் கேட்டிருக்கிறாள். அவள் மேலே கையைக் காட்டினாள். "உங்கடை புரோகிராமை நிப்பாட்டுங்கோ."

"முதல்லை நீங்கள் நிப்பாட்டுங்கோ."

"கொக்கரக்கோ!" என்றது மண்டபம்.

"அந்தச் சேவல் ஆற்றை?"

"என்ரை."

"நல்ல சேவல்," என்றான் ஸ்ரனிஸ்லாஸ், அந்த அவதியிலும். அவன் அதை நக்கலாகச் சொல்லவில்லை. தன் காவல் நிரலுக்கு ஒரு சத்தமும் வைக்கத் தோன்றவில்லையே என்கிற கவலை அவன் முகத்தில் தெரிந்தது. ஏனென்றால் அவனும் ஒன்று எழுதியிருந்தான். மர்ஸூக் ஆட்டிறைச்சி என்று போட்டால் அது இறாலாகிறது, மரக்கறி என்று போட்டால் கேக்காகிறது என்று கொஞ்ச நாளாகப் புகார். யாரோ தன் தரவை மாற்றுகிறார்கள் என்று கண்டு, மாறினால் உடனே பழையபடி திருப்பு என்று அவனும் கட்டளை கொடுத்து வைத்திருந்தான். இரண்டு காவல்காரர்கள், ஆளை ஆள் கள்ளன் என்று நினைத்து, ஒரு வீட்டுக்குள் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேசமலர் யன்னலடிக்குப் போய்ச் சாம்பல் நிற வயரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுவை இழுத்தாள். அது கணினியின் பின்னாலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அச்சுப்பொறி 'இறா' என்றதோடு நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்கள். சேவல் கூவவில்லை. இன்னும் கூவவில்லை.

மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறிவிட்டது.

"நான் அங்கை நிக்கவேணும்!" என்று பெரியப்பா கத்திக்கொண்டு ஓடினார்.

சிவபாதசுந்தரம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, நேசமலரும் ஸ்ரனிஸ்லாஸும் பக்கத்துப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு வீடு வைத்திருந்த மனிதர் இரண்டு வீட்டுக்காரியையும் ஒரே பந்தலில் கண்டதுபோல் அவர் முகம் போனது.

"பிள்ளை, நீர் அண்டைக்குச் சொன்னீர், சாப்பாட்டுப் பகுதியைச் சித்திரைக்குப் பிறகு செய்து தாறன் எண்டு. எனக்கு அவசரமாப் போச்சு. உம்மட்டைச் சொன்னால் கோவிப்பீர் எண்டு நினைச்சன். தம்பிட்டைச் சொன்னால் அவர் கோவிப்பார். அதாலைதான் நீர் வராத நாளிலை அவரை வரச் சொன்னது."

"இண்டைக்குச் சனிக்கிழமை அங்கிள்."

"வரவேண்டாம் எண்டுதான் சொன்னனான். மர்ஸூக் நானா கூப்பிட்டிட்டார்."

"றாலுக்கும் கோழிக்கும் எடையில நிண்டு நான் என்னா செய்ற?" என்றார் மர்ஸூக்.

முதலாளி திட்டு வாங்குகிற முகத்தோடு நின்றார். ஆனால் அவரைத் திட்ட இருவருக்கும் நேரம் இருக்கவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது.

"அந்த வகை எண்ட கட்டம்," என்று தொடங்கினாள் நேசமலர். "அதுக்குள்ளை ஏன் கை வைச்சனீங்கள்?"

"அங்கிள் தந்த தரவுத்தளத்திலை அது இருந்தது. உள்ளுக்கை ஒண்டிலயிருந்து அஞ்சு வரைக்கும் இலக்கம். சாப்பாட்டுக்குத்தான் வகை எண்டு நினைச்சன். கலியாணத்துக்கு என்ன வகை?"

அவள் ஒரு விரலைக் காட்டினாள். "ஒண்டெண்டால் உங்களுக்கு என்ன?"

"மரக்கறி."

"எனக்குத் திருமணம்." அவள் யோசித்தாள். மண்டபத்தில் நடப்பதில் முக்கால்வாசி சைவக் கலியாணம். மரக்கறியும் ஒன்று, திருமணமும் ஒன்று. அதனால்தான் இத்தனை மாதம் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போயிருக்கிறது. "இரண்டு?"

"கோழி."

"வரவேற்பு. நாலு?"

"கேக்கும் ஐஸ்கிறீமும்."

"பிறந்தநாள். அது பொருந்துது. அஞ்சு எனக்கு மணிவிழா."

"எனக்கு இறால்."

"மூண்டு?"

"மூண்டெண்டால் ஆட்டிறைச்சி," என்றான் ஸ்ரனிஸ்லாஸ்.

நேசமலர் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீஸ்கந்தராசாவின் வீட்டார் விருந்துக்கு ஆட்டிறைச்சி சொல்லியிருக்கிறார்கள், அவர் பூப்பெய்திவிட்டார். அவள் அவரை மணிவிழாவுக்குத் திருப்பினாள்; ஆடு இறாலாகிவிட்டது. இதை அவள் சொல்லத் தொடங்கியபோது பாதியில் சிரிப்பு வந்து வசனம் உடைந்தது. ஸ்ரனிஸ்லாஸுக்கு விளங்கியபோது அவன் சிரிக்கிற விதம் பயங்கரமாக இருந்தது. சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கி, கண்ணால் தண்ணீர் ஓடியது. யோசெப்பின் வந்து, கையில் மடித்த கடதாசிக் கும்பலோடு, "இப்ப எதை ஒட்டுறது?" என்று கேட்டாள். அதோடு இரண்டு பேரும் அரிசி மூட்டையில் சாய்ந்துவிட்டார்கள்.

கொன்ஸ்ரன்ஸின் விருந்தினர் அன்று பின்னேரம் இறாலும் கோழியும் ஒன்றாகக் கிடந்த புரியாணியைச் சாப்பிட்டார்கள். வேறு வழியில்லை, எல்லாம் சட்டிக்குள் போய்விட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் குசினிக்கே வந்து இது எந்த ஊர்ப் புரியாணி என்று கேட்டாராம். மர்ஸூக் ஒரு கணமும் தடுமாறாமல், "இது கம்பியூட்டர் புரியாணி சேர்," என்றார். அடுத்த மாதத்திலிருந்து அதற்குத் தனியாகக் கேள்வி வரத் தொடங்கியது.

பொழுது சாய்கிற நேரம் நேசமலரும் ஸ்ரனிஸ்லாஸும் பஸ்ஸுக்காகக் காலி வீதியால் நடந்தார்கள். அச்சாகிக் குவிந்த கடதாசியைக் குப்பையில் போட மனமில்லாமல் நேசமலர் சுருட்டி எடுத்து வந்திருந்தாள். தாய் அலுமாரித் தட்டுகளுக்கு விரிப்பார். சுருள் ஒரு குழந்தைப் பருமன் இருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அதைத் தான் தூக்குகிறேன் என்று வாங்கிக்கொண்டான். சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் கையைக் காட்டி நிறுத்தினான். அடையாள அட்டைகளைப் பார்த்தான். சுருளைக் காட்டி, "மே மொனவத?" என்று கேட்டான். இது என்ன?

சுருளை விரித்தார்கள். அது சாவடியின் மணல்மூட்டைகளைத் தாண்டியும் விரிந்துகொண்டே போனது. முழுக்கத் தமிழ், பெரிய பெரிய எழுத்தில், ஒரே இரண்டு வசனம் திரும்பத் திரும்ப. ஆமிக்காரனின் முகம் இறுகியது. இன்னொருவனும் எழும்பி வந்தான். 

ஸ்ரனிஸ்லாஸ் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன்; சிங்களம் தண்ணீர்போல் வரும். விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினான். இந்த வரி, கொன்ஸ்ரன்ஸ் என்கிற நோனாவின் கலியாண வரவேற்பு. இந்த வரி, அறுபதாவது வயது விழா. பிறகு மறுபடி கலியாணம். பிறகு மறுபடி அறுபது.

"இரண்டும் ஒரே ஆளுக்கா?" என்று ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான்.

ஸ்ரனிஸ்லாஸ் நேசமலரைப் பார்த்தான். தரவுத்தளத்தில் தொடங்கி 'வகை'யில் போய் முடிகிற முழுக் கதையையும் சொல்வதா என்று ஒரு நொடி யோசித்திருப்பான். பிறகு, "ஓவ் மஹத்தயா," என்று ஆமாம் போட்டான்.

ஆமிக்காரன் கடதாசியை மறுபடி பார்த்தான். அவன் முகம் மெல்ல இளகியது. "அனே பவ்," என்றான், உண்மையான இரக்கத்தோடு. பாவம், அறுபது வயதிலாவது கலியாணம் சரிவந்ததே என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். அவனும் தலையை ஆட்டினான். சுருட்டுவதற்கு இரண்டு பேருமே உதவி செய்தார்கள். நேசமலர் உதட்டைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த தெரு முனை வரும்வரை ஸ்ரனிஸ்லாஸின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் என்ன நடக்கும் என்று தெரியும்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் மாடி அலுவலகத்தில் ஒரே மேசையில் இருந்தார்கள். 'வகை'யை இரண்டாகப் பிரித்தார்கள்: விழாவுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. ஒருவர் கட்டத்தில் மற்றவர் கைவைப்பதில்லை. வைக்க வேண்டி வந்தால் சொல்லிவிட்டு வைப்பது. வேலை சின்ன வேலை. ஆனால் விழா முதலில் வரவேண்டுமா, சாப்பாடு முதலில் வரவேண்டுமா என்று தொடங்கிய வாக்குவாதம் பின்னேரம் முழுக்க இழுத்தது. சனம் வருவது எதற்கு என்று ஸ்ரனிஸ்லாஸ் கேட்டான். தாலி கட்டாமல் பந்தி வைப்பீர்களா என்று நேசமலர் கேட்டாள். மர்ஸூக் மேலே ஒரு தட்டுப் புரியாணி அனுப்பினார். அதைச் சாப்பிட்டு முடித்தபோது அவளுடைய வாதம் கொஞ்சம் பலவீனப்பட்டிருந்தது.

அப்போது சிவபாதசுந்தரம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முகத்தில் ஒரு பளபளப்பு.

"பிள்ளை, தம்பி, ஒரு சின்ன விசயம். பூச்சோடினைக்காரற்றை மருமகன் ஒருத்தர் தெமட்டகொடையிலை இருக்கிறார். அவரும் ஒரு புரோகிராம் எழுதி வைச்சிருக்கிறாராம். உங்கடை தரவுத்தளத்தோடை சும்மா ஒரு வயரை மட்டும்..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்கள்.

"அங்கிள்!"

அவர் கதவைச் சாத்திக்கொண்டு படியால் இறங்குகிற சத்தம் கேட்டது. வயதுக்கு நல்ல வேகமாகத்தான் இறங்கினார்.